இருபத்தோராவது கம்பெனி

பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே, "அதுக்கென்ன, என் பேரையும் போட்டுக்கோ" என்பார். தெரிந்தவர்கள் யார் கம்பெனி ஆரம்பித்தாலும் இயக்குநர்களில் ஒருவராக இந்தப் பெயிண்ட் கடைக்காரர் இருப்பார். கைசுத்தமான மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. 'இல்லை' மட்டும் அந்த வாயில் வராது. இத்தனை இயக்குநர் போர்டுகளில் இருப்பதால் தெருவில் அவருக்கு 'போர்டு மாமா' என்றே பெயர்.

பேருக்கு உட்கார்ந்துவிட்டு வருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில்தான் கூட்டத்துக்குப் போவார். கணக்கு வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பார். மனிதர் தூங்கிவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரத்தில், "கரன்ட் பில் கட்டியாச்சா?" என்பார். பாதி இடங்களில் கட்டியிருக்க மாட்டார்கள்.

இன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய மகள் சொந்தமாகக் கம்பெனி தொடங்குகிறாள். சாயங்காலம் முதல் கூட்டம். அப்பாவும் ஓர் இயக்குநர்! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. வெள்ளை கேட்டவருக்கு நீலத்தைக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு, அவரிடமும் சொன்னார்.

மத்தியானம் மகள் வந்தாள். முகமே சரியில்லை.

"இப்ப எத்தனை கம்பெனில இருக்கீங்கப்பா?"

"இருக்கும், ஒரு பத்துப் பதினஞ்சு."

"இருபது! சட்டம் அதோட நிறுத்தச் சொல்லுது. மேல ஒண்ணு ஏறினாலும் நாள் கணக்குல அபராதம். அதுவும் கம்பெனிக்கு இல்ல, உங்களுக்கு. மொதல்ல ஏதாவது ஒண்ணுலேருந்து விலகுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் போடணும்."

வேறு ஆளா! அபராதம் என்றபோதுகூட அசையாதவருக்கு இது சுருக்கென்று தைத்தது.

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒருவர் அழுதுவிடுவார், இன்னொருவருக்கு உடம்பு சரியில்லை. அவர் மென்று விழுங்குவதைப் பார்த்து, கல்லாவில் இருந்த மனைவிதான் வழி சொன்னாள்: "என் தம்பிகிட்ட சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டாலும் ஞாயித்துக்கிழமை சாப்பிட அவன் இங்கதானே வந்தாகணும்?"

மைத்துனருக்கு ஐஸ் தொழிற்சாலை. நம்மவர் அவருக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, உன் போர்டுலேருந்து நான் விலகிக்கிறேன்."

"என்ன மாமா விளையாடுறீங்க? நீங்க இல்லாட்டி எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அடுத்த மாசம் பாத்துக்கலாம், சரியா?"

சரி என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மகள் எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றார். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். அடுத்தது கடை முழுக்கக் கேட்டது: "இல்ல மாப்ளே! இன்னிக்கே!"

"சரி, லெட்டர் அனுப்புங்க." மைத்துனர் பட்டென்று வைத்துவிட்டார். மாமாவுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேயே நின்று ராஜினாமாவை எழுதி அனுப்பிவிட்டுத்தான் சட்டை மாற்றப் போனார்.

சாயங்காலம், மகளின் வாடகை அறையில், மேஜையைச் சுற்றி நான்கு பேர். மகளையே தலைவராக முன்மொழிந்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஒருவர்.

போர்டு மாமா இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அப்பா, ஆளுக்கு ஒரு கைதான்" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் இரண்டையும் இன்னும் உயரத் தூக்கினார்.