எட்டாவது ஆளின் குரல்

மினெகோவோடு யாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போக முடியாது. உணவகத்துக்குள் நுழைந்ததும் பின்கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பாள். வழியில் பீர் பெட்டிகளை அடுக்கியிருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்வாள். அவளும் நானும் தொழிலிடப் பாதுகாப்பில் முதுகலை படித்தபோது ஒரே வகுப்பு. அவளுடைய இந்தக் குணம் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் என் உயிரை யார் கையிலாவது ஒப்படைக்க வேண்டுமென்றால் அவள் கையில்தான் ஒப்படைப்பேன்.

படிக்க வருவதற்கு முன் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்கிற காகிதங்கள் அலுத்துப்போய், முப்பது வயதுக்கு மேல் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தவள்.

இரண்டாம் ஆண்டுக் களப்பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஜப்பானின் தெற்குக் கோடியில், மியாசாகியில், ஒரு ஊறுகாய் ஆலைக்கு அனுப்பினார்கள். உலர்த்திய முள்ளங்கியைத் தவிட்டிலும் உப்பிலும் புதைக்கிற கான்கிரீட் குழிகள், ஆள் நின்றால் தலை மறையும் ஆழத்தில் தரைக்குள் இருக்கும். முள்ளங்கி ஊற ஊற, அடியில் மூச்சுக்கான காற்று தீர்ந்துபோகும். கண் எரியாது, நெடியும் மாறாது. இறங்கியவன் ஏன் விழுகிறோம் என்று தெரியாமலே விழுவான்.

அதனால் மாலையில் குழிகளைப் பலகை போட்டு மூடுவதற்கு முன் ஆள் எண்ணுவார்கள். தொழிலாளிகள் ஏழு பேர். மேஸ்திரி ஹிடகா "ஒண்ணு" என்பார், அடுத்தவர் "ரெண்டு" என்பார், வரிசைக் கடைசியில் நாகதோமோ "ஏழு" என்பார். அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து "எட்டு!" என்று கத்துவார்கள். எட்டாவது ஆள் குரோகி. மூன்றாவது குழியில் இறங்கிச் செத்துப்போனவர்.

முதல் நாள் நாங்கள் இருவரும் வரிசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டோம். அந்தக் கூட்டுக் குரலில் சளி கட்டிய குரல் ஒன்று கூடுதலாகக் கேட்கிறது என்றாள் மினெகோ. கான்கிரீட் சுவரில் எதிரொலிக்கிறது, வேறென்ன என்றேன் நான். எனக்கும் அது கேட்டிருந்தது.

மறுநாள் அவள் மேஸ்திரியிடம் போனாள். "ஹிடகா-சான், செத்தவரை எதுக்கு எண்ணறீங்க?"

"எண்ணலேன்னா அவன் உள்ளயே கெடப்பானே, தாயி. எண்ணிட்டா எங்களோட சேந்து வெளிய வந்துருவான்."

"இல்லாத ஆளுக்குக் குரல் குடுத்துப் பழகினா, ஒரு நாள் இருக்கற ஆளு எண்ணிக்கையில விட்டுப்போவாரு."

வாயாடி நாகதோமோ நடுவில் புகுந்தார். பாதுகாப்புப் பாடம் நடத்த வந்த எங்களை அவர் 'சென்சே', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார். "ஏன் சென்சே, குரோகி அண்ணன் சம்பளமா கேக்குறாரு? ஒரே ஒரு சத்தம். அதுலயும் கஞ்சத்தனமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மினெகோ சிரிக்கவில்லை. நேரே முதலாளியிடம் போய், இனி ஏழோடு நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வாங்கிவந்தாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும்.

உத்தரவு வந்த அன்று மாலை ஹிடகா கசாயம் குடித்த முகத்தோடு "ஒண்ணு" என்றார். ரெண்டு, மூணு என்று வரிசை நகர்ந்தது. "ஆறு" வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, வரிசைக் கடைசியிலிருந்து ஈரமான குரலில் "ஏழு" என்று கேட்டது. எட்டை யாரும் சொல்லவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சு! மூடு!" என்றார் ஹிடகா. இரண்டு பேர் மூன்றாவது குழியின் பலகையைத் தூக்கினார்கள். புது முறை ஒழுங்காக நடக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மினெகோ மட்டும் வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு தோளாகத் தொட்டாள். ஆறு பேரின் தோள்கள்தான் இருந்தன.

"பலகையை வைக்காதீங்க! நாகதோமோ-சான் எங்க? ஏழுன்னு யாரு சொன்னது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் யாரும் ஏழு சொல்லியிருக்கவில்லை. உள்ளே மறந்து விட்டுவந்த மண்வெட்டியை எடுக்க அவர் மூன்றாவது குழிப்பக்கம் போனதை ஒருவர் பார்த்திருந்தார்.

ஹிடகா குழிக்குள் குதிக்கப் போனார். மினெகோ அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். "நீங்களும் இறங்கினா ரெண்டு பொணம்! நில்லுங்க!" கல்லூரியிலிருந்து பாடம் நடத்தக் கொண்டுவந்திருந்த மூச்சுக்காற்று உருளையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி அவளே இறங்கினாள். நான் வெளிக்காற்றை ஊதி அனுப்பும் குழாயை உள்ளே விட்டேன். அவசரத்தில் இரண்டு முறை நழுவவிட்டேன். நாகதோமோ ஏணிப்படியில் கை சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தார். அடிவரை விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். மேலே இழுத்துப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் மருத்துவமனையில் அவர் பேசினார். உள்ளே இருந்து நீங்கள்தான் ஏழு சொன்னீர்களா என்று கேட்டாள் மினெகோ. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளும் நானும் ராத்திரி முழுக்கப் பேசி முடிவு செய்து வைத்திருந்தோம்.

"எனக்கு வாயே தெறக்கலையே," என்றார் நாகதோமோ. வாயாடித்தனம் எல்லாம் போயிருந்தது. "நீங்க எண்ணறது கேட்டுச்சு. ஆறு வந்ததும் கத்தணும்னு பாத்தேன். பக்கத்துல ஒருத்தர் என் தோள்ல கைய வச்சாரு. 'நீ இரு. எனக்குத்தான் இனிமே எடமில்லையாமே. இன்னைக்கு உன் எடத்துல நான் போறேன்'னாரு."

நாங்கள் காரில் ஆலைக்குத் திரும்பினோம். ஆலை வாசலில் இறங்கியதும் மினெகோ மேஸ்திரியிடம் சொன்னாள்: "இனிமே தோளைத் தொட்டு எண்ணுங்க. குரலை நம்பாதீங்க. குரோகி-சானையும் சேத்து எண்ணுங்க."

"அவன் தோள யாரும்மா தொடறது?"

"நான் தொடறேன்."

அன்று மாலை, மருத்துவமனையில் இருந்த நாகதோமோவின் காலி இடத்தைத் தாண்டி, வரிசைக் கடைசிக்குப் போய், வெறும் இடத்தில் கையை நீட்டினாள். கை கீழே இறங்கவில்லை. தோள் உயரத்தில் எதன் மேலோ படிந்து நின்றது. அவள் முகம் வெளுத்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. ஹிடகாவுக்கும் முன்னால் "எட்டு!" என்று கத்தியது நான்தான்.