மயில்துத்தம் கலந்த கதிரை

என் மகளுக்கு இருபது வயது. தானாக நிமிர்ந்து இருக்கமாட்டாள், பிறவியிலேயே அப்படி. அவளைச் சாயாமல் உட்காரவைக்கும் கதிரையை நானே செய்யப் பழகினேன். காட்போட் மட்டையை வெட்டி அடுக்கி, மாப்பசையால் பழைய பேப்பரை மேலே மேலே ஒட்டிக் காயவைத்தால் பலகை மாதிரி இறுகிவிடும். இதைத் தேயிலைத் தோட்டத்தில் இப்படிப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கும் பழக்கத்தான் ஹற்றன் பக்கம் போய்வரத் தொடங்கினேன். மட்டைக்குப் பக்கத்துக் கடை, பேப்பருக்குப் பள்ளிக்கூடம், பசைக்கு வீட்டு மா. கொழும்பில் இருந்து யாரும் போய்த் தர்மம் செய்யத் தேவையில்லை என்பது என் வீம்பு.

அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை, என் மகளைப் போலவே. பார்த்துச் செய்ய ஒரு மாதிரி வேண்டும் என்று பழக வந்த பெண்கள் கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் அளவெடுத்து வந்து, கொட்டாஞ்சேனையில் என் கணவர் புத்தகம் கட்டும் கடையில் வைத்துச் செய்தோம். வெட்டி ஒட்டியது நான், பசை காய்ச்சியது அவர். முன்னால் சாப்பாட்டுத் தட்டும் பொருத்தி, மஞ்சள் பெயின்ற் அடித்து, ஒருகொடவத்தையில் இருந்து புறப்பட்ட லொறியில் ஏற்றி விட்டோம்.

கதிரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த மறுநாள் காலை, வெள்ளவத்தை வீட்டில் மகளுக்கு இடியப்பம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போலத் தன் கதிரைத் தட்டின் விளிம்பைக் கடித்துச் சப்பிக்கொண்டிருந்தாள்; அது நான் வீட்டில் வெறும் மாவில் செய்தது. கணவர் தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"உம்மட அந்தக் கதிரையைக் கரப்பான் அரிக்காது. பசையில மயில்துத்தம் போட்டனான்."

மயில்துத்தம் நஞ்சு. நீலக் கல். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அண்டாமல் இருக்கப் பசையில் கலப்பது.

"நாங்கள் எப்பவும் போடுறதுதானே," என்றார்.

"புத்தகத்தை ஆரப்பா நக்கிறது?" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்கு முதலில் வாய்தான் திறக்கும். அவர் மகளின் வாயைப் பார்த்தார்.

அந்தத் தாயிடம் இருப்பது ஒரேயொரு போன். கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் சிக்னல் கிடையாது. அடித்தேன், அடித்தேன், தொடர்பு இல்லை என்று பதிவுசெய்த அதே சிங்களக் குரல்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. பிள்ளை தட்டைக் கடிக்கிறாள், பெயின்ற் உரிகிறது, உள்ளே ஈரம் பட்ட பேப்பர் கரைகிறது. கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. வாந்தி வந்தால் அவளைத் திருப்பிப் பிடிக்கக்கூட ஆள் இருக்காது. கடலோர ரெயில் போகும்போதெல்லாம் போன் அடித்ததோ என்று பாய்ந்தேன். ஹற்றனில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அவள் வீட்டுக்கு ஆளனுப்புவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவரும் போனை எடுக்கவில்லை.

இருட்டுகிற மம்மல் பொழுதில் அந்தத் தாயே என்னை அழைத்தாள்.

"தங்கச்சி, பிள்ளை கதிரையில இருந்தவவோ? வாய் வச்சவவோ?"

"இல்லக்கா, இன்னும் ஒக்கார வைக்கவே இல்ல. புது சாமான் இல்லையா? வெள்ளிக்கெழம நல்ல நேரம் பாத்து ஒக்கார வைப்போம்னு சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன். மால கூட போட்டிருக்கேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்ப பிள்ளை பகல் முழுக்க எங்க இருந்தவ?"

"எப்பவும் போலத்தான். சேலையால கட்டில் காலோட கட்டிட்டு மலைக்கிப் போனேன். அவுத்து விட்டா அடுப்புக்கிட்ட உருண்டு போயிருதே."

கடவுளே, நல்லவேளை கட்டிப் போட்டிருக்கிறாள் என்று நெஞ்சு குளிர்ந்தது. என்ன நினைத்தேன் என்பது அடுத்த கணம்தான் விளங்கியது. பகலில் வந்த பயத்தைவிட அது மோசமாக இருந்தது.

பசையில் நஞ்சு கலந்துவிட்டது, கதிரையைப் பிள்ளைக்கு எட்டாமல் வை, நான் வந்து எல்லாரும் சேர்ந்து வெறும் மாவில் புதிதாகச் செய்வோம் என்று சொன்னேன். அது காய்ந்து இறுக நாளாகும் என்றும் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கெழமையும் கட்டிட்டுத்தான் போகணுமா அக்கா?"

"ஓம்," என்றேன்.