சின்னம்மாவின் காருக்கு மதிப்புப் போட்டவர்கள்

பருத்திக் கொட்டகையில் நின்ற சிவப்புக் காரின் இருக்கையில் ஒரு கருங்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. சின்னப்பா இறந்து கோடை வந்து, கோடை போய், ஆடிக்காற்றும் அடித்து ஓய்ந்துவிட்டது. அதுவரை யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. மூக்கணாங்கயிறு தேடிப் போன நான்தான் முதலில் பார்த்தேன். தோல் இருக்கையின் நடுவில் வைக்கோல் சேர்த்து, அந்தக் கோழி மகாராணிபோல உட்கார்ந்து, என்னை ஏன் வந்தாய் என்று கேட்பதுபோல் பார்த்தது. திருச்செங்கோட்டு வீதிகளில் இன்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதும் எனக்கு எந்த வண்டியும் பெரிதாகத் தெரிவதில்லை. என் மனதில் வண்டி என்றால் கோழி உட்கார்ந்திருந்த அந்தக் கார்தான்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே, பருத்தியும் கரும்பும் விளையும் பூமி. அப்பாவும் சின்னப்பாவும் அண்ணன் தம்பி இரண்டே பேர். அப்பாவுக்கு மண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சின்னப்பாவுக்கு மண்ணைத் தவிர எல்லாம் பிடிக்கும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பந்தயக் காரை விற்றார். சின்னப்பா பருத்தி விற்ற பணத்தோடு போய் அதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே மடக்குத் துணி. பெரிய பித்தளை விளக்குகள். முன்புறம் நீண்டு, பின்புறம் சட்டென்று முடிந்துவிடும். அப்பா அதைத் 'தகர டப்பா' என்பதைத் தவிர வேறு பெயரால் சொன்னதே இல்லை. காரின் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற இலையிலிருந்து எழுந்துவிடுவார்.

சின்னப்பா தன் மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவரை நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். ஏரி வற்றிக் கிடந்த கோடையில், வெடித்த களிமண் தரையில் அந்தக் கார் சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் ஊரே நின்று பார்த்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்னம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. கிணற்றில் தண்ணீர் சேந்துகிற பெண்ணின் கவனம் மட்டும்தான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து சின்னப்பா போனார். சின்னம்மா வெள்ளைச் சேலைக்கு மாறினார். நடக்கப் பழகிக்கொண்டிருந்த பெண் குழந்தை ஒன்று அவர் இடுப்பில் இருந்தது. என் கணவருக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை. குடியிருக்க வீடு ஒதுக்கித் தரும்வரை நான் பிறந்த வீட்டில் இருந்தேன். அதனால்தான் அடுத்து நடந்ததெல்லாம் என் கண்முன்னே நடந்தது.

வருஷம் திரும்பியதும் அப்பா பாகம் பிரிக்க ஏற்பாடு செய்தார். வாசலில் ஜமுக்காளம் விரித்து, ஊர் மணியக்காரரையும் உறவில் பெரியவர்களையும் உட்காரவைத்தார். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம். அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். கிணற்றுத் தோட்டம் தனக்கு, கார் தம்பி மனைவிக்கு என்றார். தம்பியின் பங்கு முழுவதும் காரிலேயே போய்விட்டதாம்.

"சீமையில இருந்து கப்பல்ல வந்ததுங்க. தொரை ஓட்டுனது. தோலு சீட்டு, பித்தளை லைட்டு. ரயிலை முந்திக்கிட்டுப் போகும். தோட்டத்துக்குச் சரியா, அதுக்கு மேலயே பெறும்" என்றார்.

அப்பா வாயால் அந்தக் காருக்கு இப்படி ஒரு புகழ்ச்சி வருமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் யாரும் காரில் ஏறியவர்கள் இல்லை. ஏறாத பொருளுக்கு என்ன விலை சொன்னாலும் தலையை ஆட்டலாம்.

சின்னம்மா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நிலைப்படியைத் தாண்டி வெளியே போனார். கணவனை இழந்த பெண் ஆண்கள் கூடிய இடத்தில் அப்படி வந்து நிற்பது அன்று சின்ன விஷயம் இல்லை. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மணியக்காரருங்க, பெரிய மாமா சொல்றது உங்களுக்குச் சம்மதமுங்களா? கார் தோட்டத்துக்குச் சமமுங்களா?" அப்பாவைத்தான் அவர் மாமா என்று கூப்பிடுவார்.

"அப்பிடித்தானே அம்மிணி சொல்றாரு. நாங்க ஒத்துக்கறோம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களே. அத்தனை ஒசந்த காரு பொம்பளை எனக்கு எதுக்குங்க? மாமாவே எடுத்துக்கட்டுமுங்க. நான் தோட்டத்தை எடுத்துக்கறேன்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மெல்லச் சுதாரித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "நான் அதை வெச்சுட்டு என்ன பண்றது? பழைய வண்டி. டயரெல்லாம் தேஞ்சு போச்சு. மேல துணி கிழிஞ்சு தொங்குது. ஒரு மூட்டை பருத்தி ஏத்த முடியுமா அதுல? எடைக்குப் போட்டாக்கூட ஆரும் வாங்க மாட்டாங்க."

மணியக்காரர் வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "ஏனப்பா, நான் ஒரு வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள தோட்டத்துக்குச் சரியான காரு எடைக்குப் போற காரு ஆயிருச்சே!"

"எடைக்குப் போறதுன்னா அது எங்கிட்டயே கிடந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார் சின்னம்மா. "தோட்டத்துல எனக்குப் பாதியக் குடுத்துருங்க. கெணத்துல முறை வெச்சுக் குடுத்துருங்க."

மணியக்காரர் மறுக்க முடியாமல் அப்படியே தீர்த்துவைத்தார். தோட்டத்தில் பாதி, கிணற்றில் முறை, அத்தோடு காரும் சின்னம்மாவுக்கு வந்தது.

ஆனால் அப்பா விட்டுவிடவில்லை. அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர மாடுகள்தான். தோல் பையைக் கயிற்றில் கட்டி, மாடுகளைப் பின்னும் முன்னும் ஓட்டி இறைப்பார்கள். கவலை ஓட்டுவது என்று அதற்குப் பெயர். மாடுகள் எல்லாம் அப்பாவுடையவை, ஓட்டுகிற ஆட்களும் அப்பாவிடம் வேலை செய்பவர்கள். சின்னம்மாவின் முறை நாளில் மாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். ஆளுக்குக் கை வலிக்கும். கிணற்றில் தண்ணீர் நிற்க, சின்னம்மாவின் பருத்திச் செடிகள் காய்ந்தன. பாகம் கிடைத்தும் பயனில்லாமல் செய்வது எப்படி என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

சேலத்துக்குப் பருத்தி ஏற்றிப்போன வண்டிக்காரர்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். ஒரு பஞ்சாலைக்கு மேட்டூர் அணையிலிருந்து கரண்ட் வந்துவிட்டதாம். முன்பு தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜினும் பம்பும் சும்மா கிடக்கின்றனவாம். அந்த முதலாளிக்கு வேகமாகப் போகிற கார் என்றால் உயிராம். அதைக் கேட்ட அன்றே சின்னம்மா கொட்டகைக்குப் போனார். மறுபடியும் அங்கேயே குஞ்சு பொரித்திருந்த கோழியை, குஞ்சுகளோடு ஒரு கூடைக்கு மாற்றினார். காரைத் துடைத்தார். முன்புறம் கைப்பிடியை மாட்டிச் சுழற்றினார். முதலில் அது முனகக்கூட இல்லை. தினமும் போய்ச் சுழற்றினார். கறுப்பு எண்ணெய் வடிய, உள்ளங்கை கொப்பளிக்க, ஒரு காலை நேரத்தில் அது இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. நான் குழந்தையோடு வாசலில் நின்று கத்தினேன். அன்றிலிருந்து அவர் வற்றிய ஏரிக்குள் அதை ஓட்டிப் பார்ப்பார், நிறுத்துவார், மூடியைத் திறந்து காது வைத்துக் கேட்பார்.

"என்ன வெலை கேக்கறது சின்னம்மா?" என்றேன்.

"உங்க சின்னப்பா வாங்குன வெலையும் இல்ல, உங்கப்பா சொன்ன வெலையும் இல்ல சாமி. இன்னிக்கு இது என்ன ஓட்டம் ஓடுதோ அதுதான் இதோட வெலை. அது தெரியாம அங்க போயி நிக்கக் கூடாது."

சேலம் போகிற நாளில் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். அப்பா வழியில் நின்று, "அந்த டப்பாவுல ஏறுனயின்னா இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்று என்னிடம் சொன்னார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஏன் ஏறினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாகப்பிரிவினை நாளிலேயே என் மனம் ஏறிவிட்டது, கால்தான் தாமதம்.

வெள்ளைச் சேலை கட்டிய பெண் சிவப்புக் காரை ஓட்டிப்போவதைச் சங்ககிரிச் சாலை அதற்குமுன் பார்த்ததில்லை. காட்டில் களை வெட்டியவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினார். சின்னம்மா ஹாரனை அழுத்தி அவர் பேச்சை முழுங்கவைத்தார். சங்ககிரியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். கூட்டம் கூடிவிட்டது. "புருசன் செத்தும் இந்த ஆட்டமா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "ஆமாங்க, ஆட்டந்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி எடுக்கோணும்" என்றார் சின்னம்மா.

அஸ்தம்பட்டியில் அந்த முதலாளியின் பங்களா. காரைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. எங்களைப் பார்த்ததும் சுருங்கியது. "உங்க வீட்டு ஆம்பளைங்க வரலையா?" என்று கேட்டார்.

"வண்டி என்னுதுங்க. ஆம்பளைங்க இதுக்குப் போட்ட மதிப்பை ஒரே நாள்ல ரெண்டு தினுசாப் பாத்துட்டேன். அதனால நானே வந்தேன்."

அவர் காரைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார். சின்னம்மா காத்திருக்கவில்லை. "நீங்க தேட வேண்டாமுங்க. நானே சொல்றேன். மூணாவது கியர் கத்தும். ரேடியேட்டர் கசியும், நடுவழியில தண்ணி கேக்கும். பின்னால ஒரு டயரு மாத்தோணும். துணி கிழிசல். இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல. ஏற்காட்டு ரோட்டுல ஏத்திப் பாருங்க. அதுக்குள்ள உங்க என்ஜினை நான் பாத்துக்கறேன். அதுல என்ன குத்தம்னு நீங்களும் சொல்லிட்டுப் போங்க."

முதலாளி திகைத்தார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "புகை ஜாஸ்தி. குளிர்ல கிளம்பச் சண்டித்தனம் பண்ணும்" என்றார். அவர் தன் மெக்கானிக்கோடு மலைச்சாலைக்குப் போனார். சின்னம்மா பங்களாவை அடுத்திருந்த ஆலையின் பின்புறம் போய், அங்கிருந்த ஆளைவிட்டு என்ஜினை ஓட்டச் சொன்னார். பம்பின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நிறுத்தச் சொன்னார். ஆறவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார். அந்த ஆள் முணுமுணுத்தார், ஆனாலும் செய்தார். கார் திரும்பி வந்தபோது முதலாளியின் முகமெல்லாம் சிரிப்பு. கியர் கத்தியதைப் பற்றி அவர் பேசவே இல்லை. "என்ஜினும் பம்பும் எடுத்துக்குங்க. சரிக்குச் சரி" என்றார்.

"பைப்பும் தரோணும். என்ஜினை மாட்டிக்குடுக்க உங்க மெக்கானிக்கை அனுப்போணும். கசியற ரேடியேட்டருக்கும் புகையற என்ஜினுக்கும் சரியாப் போச்சு. உங்களுக்குக் கூடுதலா வேகம் வந்திருக்குதுங்க, அதுக்குத்தான் பைப்பும் மெக்கானிக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்து ஒப்புக்கொண்டார். சின்னம்மா காரின் பக்கம் திரும்பி ஒரு முறை பார்த்தார். கதவில் கை வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். "வா சாமி, பஸ்ஸு போயிரும்" என்று நடந்துவிட்டார்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அப்பா சொன்னபடி கதவைச் சாத்திவிட்டார். நானும் தட்டவில்லை. அம்மா என் துணிப்பெட்டியை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். போத்தனூரில் வீடு கிடைக்கும்வரை சின்னம்மாவிடம்தான் இருந்தேன். பருத்தி வண்டிகளில் என்ஜின் வந்து இறங்கியதையும், முதல் தண்ணீர் காய்ந்த பாத்தியில் பாய்ந்ததையும் பார்த்துவிட்டுத்தான் கணவர் வீட்டுக்குப் போனேன்.

இதையெல்லாம் சொன்னால் என் பேரப்பிள்ளைகள், "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே" என்கிறார்கள். எதை விட்டுக்கொடுப்பது? தோட்டத்தையா, தண்ணீரையா? விட்டுக்கொடுக்கும்படி கேட்பவர்கள் எப்போதும் கையில் ஒன்றும் இல்லாதவர்களிடம்தான் போய்க் கேட்கிறார்கள். சின்னம்மாவை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். என்னையும்தான்.

மறு கோடையில் என் கைக்குழந்தையோடு சின்னம்மா வீட்டுக்கு வந்தேன். மழை பொய்த்த வருஷம். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அப்பாவின் தோல் பை பாறையில் உரசி வெறுமனே மேலே வந்தது. சின்னம்மாவின் பம்புக் குழாய் மட்டும் பள்ளத்தில் கிடந்த தண்ணீரை உறிஞ்சியது. சுற்றுக்காட்டுக்காரர்கள் வாடகை கொடுத்து அந்தத் தண்ணீரை வாங்கினார்கள். அப்பாவின் கரும்பு மஞ்சளாகத் தொடங்கியது. ஆளை அனுப்பினார். மணியக்காரரை அனுப்பினார். கடைசியில் அம்மாவை அனுப்பினார். எல்லோருக்கும் சின்னம்மா ஒரே பதில்தான் சொன்னார்: "தண்ணி தாரேனுங்க. மாமாவே வந்து கேக்கட்டும்."

ஒரு காலையில் அப்பா வந்தார். என்ஜின் ஊரைத் தூக்குகிற சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா அதை நிறுத்தவில்லை. அப்பா பக்கத்தில் வந்து எதையோ சொன்னார், உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலீங்க மாமா!" என்றார் சின்னம்மா.

அப்பா ஒரு கணம் கரும்பைப் பார்த்தார். பிறகு கழுத்து நரம்பு புடைக்க, "தண்ணி வேணும்! கரும்புக்குத் தண்ணி உடோணும்!" என்று கத்தினார். சுற்றுக்காட்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"உடறனுங்க! வாடகை மத்தவங்களுக்கு என்னவோ அதேதானுங்க!" என்று சின்னம்மாவும் கத்தினார். மண்வெட்டியை எடுத்துப்போய்த் தானே மடையைத் திருப்பினார். தண்ணீர் அப்பாவின் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடியது.

அப்பா திரும்பி நடந்தார். வரப்பில் குழந்தையோடு நின்ற என்னைத் தாண்டும்போது நின்றார். காரில் ஏறிய நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில்லை. குழந்தையைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டு வாயை அசைத்தார். எப்போது வந்தாய் என்றுதான் கேட்டிருப்பார். எனக்குப் புரிந்தது.

நான் காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலீங்கப்பா!" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, என்ஜினை மிஞ்சும்படி, இன்னொரு முறை கத்திக் கேட்டார்.