மேலே வைத்த பம்பு

ஒஸ்லோவின் அம்மருட் மாடிக் குடியிருப்புகளில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும், எந்த ரேடியேட்டர் சூடு பிடிக்காவிட்டாலும் சோதிலிங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். கட்டடங்களைப் பராமரிக்கும் வக்மெஸ்தர் அவர். திறப்புக்கோர்வை இடுப்பில் குலுங்க வருவார், குழாயில் காது வைத்துக் கேட்பார், பிழையைப் பிடித்துவிடுவார். ஊரில் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் திருத்தியவர். எங்கும் போய்ப் படித்ததில்லை. கழற்றிப் பூட்டிப் பழகியதுதான். ‘மிசின் சோதி’ என்ற பட்டம் ஒஸ்லோ வரைக்கும் கூடவே வந்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஐம்பதை நெருங்கும் வயதில், 2008இல், வீட்டிலேயே பியர் காய்ச்சும் ஆசை அவரைப் பிடித்தது. வேலையிடத்து நொர்வேஜியர்கள் நத்தார்ப் பண்டிகைக்குத் தாங்களே காய்ச்சிக் கொண்டுவருவதைப் பார்த்து வந்த ஆசை. மனைவி மங்களேஸ்வரி ஒரு நிபந்தனையோடு விட்டாள்: காய்ச்சுவது உடுப்புத் தோய்க்கும் அறைக்குள்தான், ஆட்கள் வந்தால் அதன் கதவு பூட்டியிருக்க வேண்டும்.

நகரின் ரொம்மன் பகுதியில் இருந்த குகநேசன் பஸ் ஓட்டுபவன். இவருக்கு முன்பே பியர் காய்ச்சிப் பழகியவன். தன்னிடம் மேலதிகமாகக் கிடந்த சின்னப் பம்பொன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மால்ட் என்கிற முளைகட்டிய தானியம் ஊறும் பானையின் அடியிலிருந்து சுடுநீரை எடுத்து மேலே வார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. அப்படிச் சுற்றினால்தான் பானை முழுக்க ஒரே சூடு நிற்கும்.

“அண்ணை, இதைப் பானைக்குக் கீழை வையுங்கோ. தண்ணி தானா இறங்கி நிரம்பவேணும்.”

“எடேய், எனக்கே பம்பு படிப்பிக்கிறியோ? நீ போய் உன்ரை பஸ்ஸை ஓட்டு.”

குகநேசன் சிரித்தான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

சோதிலிங்கம் பம்பைப் பானைக்கு மேலே, சுவர்த் தட்டில் பூட்டினார். ஊரில் மிசின் கிணற்றுக்கட்டில்தான் இருக்கும். உறிஞ்சு குழாய் உள்ளே இறங்கும். தொடங்குமுன் தண்ணீர் வார்த்துக் காற்றை வெளியேற்றிவிட்டால் இறைக்கத் தொடங்கிவிடும். இங்கும் அப்படியே வார்த்தார். பச்சைத் தண்ணீரில் பம்பு அழகாக ஓடியது.

மால்ட்டைப் போட்டுச் சூடேற்றியபோதுதான் வினை. அறுபது பாகை தாண்டியதும் பம்பு கரகரத்தது, பாய்ச்சல் மெலிந்தது, பிறகு நின்றே விட்டது. பானையின் அடி கொதிக்கப் பார்த்தது. மேலே தானியம் ஆறிக் கிடந்தது. வந்த பியர் சீனிப்பாணிபோல இனித்தது. அடுத்த முறையும் அதே கதை. வெப்பமானியை மாற்றினார், வடிகட்டியைத் துப்பரவாக்கினார், இணைப்புகளை இறுக்கினார். பம்பு இருந்த இடத்தை மட்டும் மாற்றவில்லை.

சனிக்கிழமைகளில் ரொம்மனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தமிழ் படிக்கும் நேரத்தில் தகப்பன்மார் கீழ்க்கூடத்தில் கோப்பியோடு நிற்பது வழக்கம். “எங்கை உம்மடை பியர்?” என்று அங்கே அவர்களில் ஒருவரான ஸ்ரீஸ்கந்தராசா கேட்டுவிட்டார்.

“பியரோ? குகன் தன்ரை பழுதான பம்பை என்ரை தலையிலை கட்டிவிட்டான். தெரிஞ்சுதான் தந்தவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அதோடு நிற்கவில்லை. யாருடைய காராவது கிளம்ப மறுத்தால், “குகன் தந்த பற்றரியோ?” என்பார்கள். அதன்பின் குகநேசன் கூடத்துக்குள் வருவதில்லை. மகளை இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை பனிக்குள் காரிலேயே இருந்தான்.

கடைசியில் சோதிலிங்கம் உள்ளே தெரியும்படியான ஒரு குழாயை மாட்டிப் பார்த்தார். சூடு ஏற ஏற நீரிலிருந்து குமிழிகள் பிரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி, உயரத்தில் இருந்த பம்புக்குள் போய்ச் சேர்ந்தன. பம்பு வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றித் தரையில் வைத்தார். நீர் தானாக இறங்கி அதை நிரப்பியது. கரகரப்பு இல்லை, பானையின் மேலும் கீழும் ஒரே சூடு.

உடுப்புக்கூடையோடு வாசலில் நின்ற மங்களேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

“அந்தத் தம்பி அண்டைக்கே சொன்னவன். நான் குசினியிலை நிண்டு கேட்டனான்.”

ஓடுகிற பம்பின் மெல்லிய இரைச்சலைக் கேட்கக்கூட சோதிலிங்கத்துக்குக் கூசியது.

அடுத்த சனிக்கிழமை குகநேசனின் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அது பாதிதான் இறங்கியது.

“தம்பி, பம்பிலை பிழையில்லை. நான்தான் மேலை வைச்சிட்டன்.”

“அது எனக்குத் தெரியுமே, அண்ணை.”

“ஓம்… அதுதான் உம்மட்டைச் சொல்லுவமெண்டு…”

“எனக்குச் சொல்லி என்ன? அங்கை சொன்னதை அங்கை போய்ச் சொல்லுங்கோ.”

கண்ணாடி ஏறிவிட்டது. யாருமில்லாத இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று வந்ததை அவன் கண்டுகொண்டான் என்பது சோதிலிங்கத்துக்கு உறைத்தது.

உள்ளே போனார். சப்பாத்துப் பனியை உதறவும் மறந்து, கோப்பி மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். குகன் கீழே வைக்கச் சொன்னதையும், தான் மேலே வைத்ததையும் சொன்னார்.

“கிணத்துக்கட்டிலை வைச்சீராக்கும்!” ஸ்ரீஸ்கந்தராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “நல்லகாலம், தோய்க்கிற அறையிலை தண்ணி இறைக்கத் துலாவும் கட்டேல்லை!”

கூடம் அதிர்ந்தது. சோதிலிங்கத்தின் காதுமடல்கள் எரிந்தன. இத்தோடு போய்விடலாம்தான். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சமிருந்தது.

“தெரிஞ்சுதான் தந்தவன் எண்டு சொன்னனான். அது பொய். எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னனான்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் கோப்பையையே பார்த்தார். பிறகு ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கடதாசிக் கோப்பையில் கோப்பி ஊற்றிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துப் பக்கமாக நடந்தார்.

யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார் சோதிலிங்கம். கார்க் கண்ணாடி முழுவதும் இறங்கியது. ஒரு கை வெளியே நீண்டு கோப்பையை வாங்கியது. குகநேசன் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததும் நல்லதென்றே சோதிலிங்கத்துக்குப் பட்டது.