வயலுக்குப் போன மிளகாய்த் தோட்டம்

அப்பா மலையில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, கனகராயன்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினோம். வன்னியில் அவர் கண்ணுக்கு எல்லாமே சமதரையாகத்தான் தெரிந்தது. எங்கள் காணியோ கீழே இருந்த வயலை நோக்கிச் சரிந்திருந்தது. அம்மா அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"குறுக்கால நாலு கான் வெட்டிப்புடலாங்க. மழத் தண்ணி மண்ண இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"இதெல்லாம் ஒரு மேடா? பந்து வச்சாக்கூட உருளாது" என்றார் அப்பா.

மழைத்தண்ணீரை மறித்துத் திருப்பிவிடும் கான்களை மலையில் வெட்டி வெட்டியே அவர் கை காய்த்துப்போயிருந்தது. கங்காணியின் அதட்டலுக்கு வேலை செய்தே பழகியவருக்கு, சொந்தக் காணியில் கான் வெட்டாமல் இருப்பதே பெரிய சுதந்திரமாக இருந்திருக்கும். பாலை, வீரை, முதிரை என்று ஒரு மரத்தையும் மிச்சம் வைக்கவில்லை. வேரைக்கூடத் தோண்டி எரித்தார். பிறகு மிளகாய்க் கன்று நட்டோம். முதன்முதலாகச் சொந்த மண் கிடைத்த பெருமையில், இடுப்பில் கை வைத்து நடுக்காணியில் நின்ற அப்பாவை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு நாள் விடிய விடிய மழை கொட்டியது. காலையில், கீழே வயல் செய்த யாழ்ப்பாணத்து மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டை பிடிப்பதா சிரிப்பதா என்று அவர் முகம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

"அண்ணை, உங்கட தோட்டம் என்ரை வயலுக்கை வந்து நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தோம். வயலின் ஒரு மூலை முழுவதும் எங்கள் மண்ணால் மூடிக்கிடந்தது. அதன்மேல் எங்கள் மிளகாய்க் கன்றுகள் சில, அங்கேயே நட்டதுபோல நிமிர்ந்து நின்றன. மேலே எங்கள் காணியில் கல்லும் கிறவல் சரளையும்தான் பல்லிளித்தன.

அப்பா குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எங்க மண்ண நாங்களே எடுத்துக்கிறோம்ணே" என்றார்.

"கெதியா எடுங்கோ. அதுக்குக் கீழை என்ரை பயிர் மூச்சு முட்டிக் கிடக்குது."

அன்று எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆனது. அம்மா மலையிலிருந்து கொண்டுவந்த கொழுந்துக் கூடையை எடுத்து, உள்ளே சாக்கு விரித்து, மண்ணை நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினார். "உவா விழாமல் எப்பிடி நடக்கிறா!" என்று மாமி வாயைப் பிளந்தார். நானும் தங்கையும் மாமா வீட்டுப் பிள்ளைகளும் சட்டி பானைகளோடு ஓடினோம். வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் வழுக்கி விழுந்தார்கள். ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு எல்லோரும் சேறாகிவிட்டோம். மத்தியானம் மாமி வீட்டுப் புட்டும் மீன் குழம்பும் வந்தன. அவ்வளவு ருசியான புட்டை நான் அதுவரை சாப்பிட்டதில்லை.

நாங்கள் சுமந்த மண் மேலே அங்கங்கே சின்னச் சின்னக் குவியல்களாகக் கிடந்தது. வயலிலோ பாதிகூடக் குறையவில்லை. பொழுது சாயும்போது அப்பா சுமப்பதை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். காணிக்குக் குறுக்காகக் கான் வெட்டத் தொடங்கினார். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

விளக்கு வைத்ததும் நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கும்பிட்டேன்.

"சாமி, இன்னைக்கும் நேத்து மாதிரியே மழ பெய்யணும்."

நச்சென்று ஒரு குட்டு வைத்தார் அம்மா. மழை வேண்டுமென்று ஊரே கூடிப் பொங்கல் வைக்கிற இடம் அது. அதையே நான் கேட்டதில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டு திரும்பினேன். அப்பா சேற்றுக் காலோடு முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட மழை வருகிறதா என்று எனக்காகத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.