பிரேக்கை மிதிச்சது யாரு

அன்னைக்கு இருந்தவங்களை முதல்ல சொல்லிடறேன். மெக்கானிக் நான். கேப் டிரைவர் சேகரு. பக்கத்துல டீக்கடை போட்டிருக்கிற மேரியக்கா. வேற ஆளு இல்ல. பகல் ஒரு மணி, ஒரகடம் ரோடு, வெயில் மண்டையைப் பொளக்குது. பேய் கீய்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நான். நீங்களும் நம்ப மாட்டீங்க. பரவால்ல.

சேகரு வண்டியில முன்னாடி இடது வீல்ல டொக் டொக்னு சத்தம். பள்ளத்துல இறங்கினா வருது. ரெண்டு மணி ஷிப்டுக்கு ஹாஸ்டல்லருந்து ஆறு பொண்ணுங்களை அவன் ஏத்தணும். லேட்டானா டிரிப்பு வேற வண்டிக்குப் போயிடும்.

"லிங்க் ராடுதாண்ணே. மாத்தி வுடு, போயிகினே இருக்கேன்."

"நீயே டாக்டரு, நீயே மருந்து எழுதறே. அப்புறம் நான் இன்னாத்துக்குடா?"

மாத்தினேன். பழசு ஆடத்தான் செஞ்சுது. ஜாக்கியை இறக்கறதுக்கு முன்னாடி டயரை ஓங்கி ஒரு குத்து குத்தினேன். டொக். அப்படியே இருக்கு.

எங்க வேலையில கீழ குந்தியிருக்கிறவன் மிதின்னா சீட்ல இருக்கிறவன் பிரேக்கை மிதிக்கணும், விடுன்னா விடணும், மூஞ்சியெல்லாம் பாத்துக்க மாட்டோம். வேலையை ஆரம்பிக்கறப்பவே சேகரு சீட்ல உக்காந்ததை நான் பாத்தேன். "மிதி"ன்னேன். வீல் இறுகிச்சு. குத்தினேன், சத்தம் இல்ல. "விடு"ன்னேன், குத்தினேன், டொக். இப்படி நாலு தடவை. நாலு தடவையும் சொன்ன மாதிரியே நடந்துச்சு.

பிரேக் பிடிச்சா சத்தம் நிக்குதுன்னா கோளாறு பிரேக்லதான். வீலைக் கழட்டினேன். பிரேக்குத் தட்டைக் கவ்வற காலிப்பரைப் பிடிக்கிற போல்ட் ரெண்டுல ஒண்ணு இல்லவே இல்ல. இன்னொண்ணு ரெண்டு மரையில நிக்குது. விரலால திருப்பினேன், கையோட வந்துடுச்சு. அப்படியே பாத்துகினு நின்னேன். ஹைவேல ஆறு பொண்ணுங்க.

"டேய் சேகரு, இறங்கி வந்து இதைப் பாரு."

"இன்னாண்ணே?"

குரல் ரோட்டுக்கு அந்தாண்டருந்து வருது. மரத்தடியில நிக்கறான், காதுல போனு. சூப்பர்வைசர் கூப்பிட்டாராம், நான் லிங்க் ராடு முடுக்கும்போதே இறங்கிப் போயிட்டானாம். சீட்டைப் பாத்தேன். காலி.

"அப்ப யாருக்குண்ணே மிதி மிதின்னு கத்திகினு இருந்தே?"

போல்ட்டை அவன் கையில குடுத்தேன். பாத்துட்டு அவனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வேற வண்டி அனுப்பச் சொல்லிட்டான். ரெண்டு போல்ட்டும் புதுசு போட்டு முடிக்க மூணு ஆச்சு. டிரிப்பு போச்சு.

இப்பல்லாம் மிதின்னு சொல்றதுக்கு முன்னாடி எழுந்து சீட்டைப் பாத்துக்கறேன்.

மேரியக்கா கடை வண்டிக்கு நேர் பின்னாடி. சாயங்காலம் டீ குடிக்கப் போனப்ப அதுவா சொல்லுச்சு. "நீ கத்தறப்பல்லாம் வண்டி பின்னாடி பிரேக்கு லைட்டு சிவப்பா எரிஞ்சுதுப்பா. அப்புறம் போல்ட்டைக் கையில வெச்சிகினு நின்னியே, அப்பவும் எரிஞ்சுது."

போல்ட்டோட நின்னப்ப நான் மிதின்னு சொல்லவே இல்ல.

"மொத்தம் எத்தினிவாட்டிக்கா?"

விரல் விட்டு எண்ணுச்சு. அஞ்சு.