அப்பாவிடம் வைத்த மனு

காலையில் திருப்பூர் மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கூரை ஒழுகி மிஷின் பெல்ட் நனைந்துவிட்டது. ஈரத் தோல் வாசம். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் கிட்டப் போய் மோந்து பார்த்தேன். உங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் பனியன் மடிக்கிற அக்கா, "ஏங் கண்ணு, அதென்ன மல்லியப் பூவா?" என்றாள்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்த தோல்பையின் வாசம் அது. பொங்கலூர்ப் பக்கம் அப்போது மாடு பூட்டித்தான் இறைப்பு. மாடுகள் சரிவில் இறங்கும்போது அப்பா தோல்பையை இழுக்கும் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். எடை சேர்ந்தால் மாட்டுக்குச் சுளுவு. அவருக்கு முன்னால் நான். அம்மா இல்லாத பிள்ளையை வேறெங்கே விடுவார்? "வடத்தக் கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு" என்பார். நான் பிடித்ததெல்லாம் அவர் வேட்டியைத்தான்.

பிறகு மோட்டார் வந்தது. மோட்டார்தான் வந்தது, கரண்டு வரவில்லை. பருத்தி கருகிய வருசம் அப்பா கரண்டு ஆபீசுக்குப் போய், "குடுக்காத கரண்டுக்கு எதுக்குங்க பில்லு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஊரே பின்னால் வந்து நின்றது. அப்புறம் பல்லடம், கோயமுத்தூர், மெட்ராஸ். விவசாயிகளுக்கு மாநிலத் தலைவராகிவிட்டார். ஓட்ட ஆளில்லாமல் எருதுகளை விற்றோம், ஒரு பசு மட்டும் மிச்சம். நான் பனியன் மடிக்க வந்தேன்.

போன மார்கழியில் திருப்பூர் கூட்டத்துக்கு வந்தார். மாடுகளுக்கு வைக்கிற பட்டிப் பொங்கலுக்காவது ஊட்டுக்குக் கூப்பிடலாம் என்று மனு கொடுக்கிறவர்கள் வரிசையில் நின்றேன். அன்றைக்குச் சாணியில் சின்னக் குளம் கட்டித் தண்ணீர் ஊற்றி, கன்றுக்குட்டியைத் தாண்ட வைப்போம். கன்றை நடத்துவது அப்பா வேலை. என் முறை வந்தது.

"சொல்லும்மா, எந்த ஊரு?" என்றார், காகிதத்திலிருந்து நிமிராமல்.

எனக்கு என்ன வந்ததோ. "பொங்கலூருங்க. கரண்டு வர்றதில்லீங்க. வடத்துல உக்கார ஆளுமில்லீங்க" என்றேன்.

நிமிர்ந்தார்.

"சாப்புட்டியா கண்ணு?"

"ஊட்டுக்கு எப்பங்கப்பா வருவீங்க?"

"பட்டிப் பொங்கலுக்கு வந்தர்றேன். கொளத்த நீயே கட்டி வையி."

அதற்குள் யாரோ, "தலைவரே, நேரமாச்சுங்க" என்று கூட்டிப் போய்விட்டார்கள்.

மெட்ராசில் நெஞ்சுவலி. பொங்கலுக்கு முன்னமே வந்துவிட்டார், லாரியில், மாலைகளோடு. "எங்கப்பன் போயிட்டாரே" என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் அழுதார்கள். அவர்களுக்கு வழி விட்டு நான் பின்னால் நின்றேன்.

பட்டிப் பொங்கலன்று ஒருத்தரும் வரவில்லை. குளம் கட்டினேன். கன்றைத் தாண்ட வைக்க எனக்குத் தெரியவில்லை. அது குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது எங்கள் ஊருக்குக் கரண்டு ஒழுங்காக வருகிறது. அப்பா வாங்கிக் கொடுத்தது. மாடு இறங்கிய சரிவில் ஆமணக்கு முளைத்துக் கிடக்கிறது. சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொட்டுகிறது. வடத்தில் உட்கார யாரும் வேண்டியதில்லை.